சாவடியும் சட்டமன்றமும்

(வேலப்பன்சாவடியில் தமிழன்பர்கள் கூட்டிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'நம் சட்டமன்ற உறுப்பினர் நம் ஊருக்கு என்ன செய்கிறார்?' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு இக்கூட்டத்தின் அமைப்பாளர்கள் என்னைப் பணித்துள்ளனர். இப்பொருளில் நம் நாட்டில் இருவகைக் கூட்டங்களே நடந்து பழகிவிட்டன. ஒருவகைக் கூட்டத்தில் உறுப்பினர்க்கு ஆளுயர மாலை சூட்டி, அவர் பெயருக்கு முன்னே அரைப்பக்கம் அடைமொழி அடுக்குவார்கள். மற்றொருவகைக் கூட்டத்தில் அவர் பிறந்த நாள் தொட்டு இன்றுவரை செய்த குற்றங்களை எல்லாம் அடுக்குவார்கள். இருவகைக் கூட்டமும் முடிந்து மக்கள் கலைந்த பின்னர்த் தெருவில் தேங்கிய நீர் தேங்கியபடியே கிடக்கும். ஆகலின் நான் இன்று பதவியில் உள்ள எந்த உறுப்பினரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எந்தக் கட்சியின் கொடியையும் தொடப்போவதில்லை. ஆள்கள் மாறுவர், இருக்கை அப்படியே இருக்கும். அந்த இருக்கை எதற்காக ஏற்பட்டது? அதில் அமர்ந்தவரிடம் நாம் எதைக் கேட்கிறோம்? எதைக் கேளாமல் விட்டுவிடுகிறோம்? இவையே என் பேச்சின் பொருள்.

முதலில் நம் ஊரின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என்று இந்தப் பெருவழி நெடுகிலும் சாவடிப் பெயர்கள் நிற்கின்றன. சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாகக் காஞ்சிக்கும் வேலூர்க்கும் செல்லும் பெருவழி இது. நடந்து வந்தவனும் வண்டி ஓட்டி வந்தவனும் தங்கி இளைப்பாறிய இடம் சாவடி. ஊரார் கூடிப் பொதுச்செய்தி பேசிய இடமும் அதுவே. அங்கே நிழலுக்கு விலை சொன்னவர் இலர். இன்று அதே பெருவழியில் நிற்கும் சாவடிக்குச் சுங்கச்சாவடி என்று பெயர். இளைப்பாறுவதற்கு இருந்த இடம் காசு பறிப்பதற்குரிய இடமாயிற்று. சொல் மட்டும் மாறவில்லை. சுங்கத்துக்குப் பழந்தமிழில் 'உல்கு' என்று பெயர். திருக்குறளிலேயே அச்சொல் ஆளப்பட்டுள்ளது. முதற்குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். ஒரு வரியை நீக்கியதற்காக ஓர் அரசனின் பெயர் 900 ஆண்டுகளாக வழங்கி வருகின்றது. வரியைப் போட்டவர்களின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

பெருவழி என்று சொன்னதும் தருமபுரிப் பக்கம் கண்டெடுத்த அதியமான் பெருவழிக் கல்லைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கல்லில், நாவற்றாவளம் என்னும் ஊர்க்கு 29 காதம் என்று தமிழில் பொறித்திருக்கிறார்கள். அதனோடு விட்டார்களா? எழுத்தறியாதவனும் தொலைவை அறிந்துகொள்ள வேண்டுமென்று, பத்துக்கு ஒன்றாகப் பெரிய குழி இரண்டும், ஒன்றுக்கு ஒன்றாகச் சிறிய குழி ஒன்பதும் குடைந்து வைத்திருக்கிறார்கள். குழிகளைத் தடவி எண்ணினால் 29 வரும். இரவில் வருபவனும் கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். ஒரு மைல்கல்லை நடும்போதுகூட, அதைப் படிக்கப்போகும் கடைசி ஆள் யார் என்று எண்ணிப்பார்த்த ஆட்சி அது! 2017ஆம் ஆண்டில் இதே தமிழ்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சிலவற்றில், மைல்கற்களிலிருந்த ஆங்கில எழுத்தை அழித்துவிட்டு இந்தியில் எழுதினார்கள். வேலூர், கிருட்டிணகிரிப் பக்கத்து உழவன் இந்தியைத் தடவிப் பார்த்தா தொலைவை அறிவான்? எதிர்ப்பு எழுந்தது; நீங்கள் அறிவீர்கள்.

இச்செய்தியை நான் சொல்வதற்குக் கரணியம் உண்டு. நம் வீட்டு வாயிலைத் தொட்டுக்கொண்டு செல்லும் இப்பெருவழி நம் நகராட்சிக்கு உரியதன்று. நம் மாநிலத்துக்கும் உரியதன்று. இந்திய அரசமைப்பின் 7ஆம் அட்டவணையில் நடுவணரசுப் பட்டியலின் 23ஆம் இனம் தேசிய நெடுஞ்சாலை. மற்றச் சாலைகள் மாநிலப் பட்டியலின் 13ஆம் இனத்தில் வருகின்றன. 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி இச்சாலை நடுவணரசின் உடைமை. முன்பு 4ஆம் எண் சாலை. எண்ணை மாற்றிய பிறகு 48. தில்லியில் தொடங்கி மும்பை, பெங்களூர் வழியாக நம் ஊரைக் கடந்து சென்னையை அடைகின்றது. இதில் ஒரு குழி விழுந்தால், நம் சட்டமன்ற உறுப்பினர் தாமே ஒரு கூடை மண்ணைக் கொட்டி அதை மூட இயலாது. இதை அறியாமல், 'சாலைக் குழியைக்கூட மூடத் தெரியாதவர்' என்று அவரை ஏசுகிறோம். அவரும் 'அஃது என் பொறுப்பன்று' என்று ஒரே சொல்லில் தப்பித்துக்கொள்கிறார். ஏசியவனும் அறியாமல் ஏசினான். தப்பியவரும் முழு உண்மையைச் சொல்லாமல் தப்பினார்.

முழு உண்மை என்ன? சாலைதான் நடுவணரசினது. அச்சாலைக்கு நிலம் எடுப்பதற்கு ஊர்தோறும் அளந்து ஆவணம் காட்டுவது நம் மாநில வருவாய்த்துறை. சாலையிலிருந்து வழியும் மழைநீர் வந்து விழுவது நம் மாநிலக் கால்வாயில். போக்குவரத்தை ஒழுங்கு செய்பவர் நம் மாநிலக் காவலர். அதில் ஓடுவதும் நிற்பதும் நம் மாநிலப் பேருந்து. பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க வழியில்லை என்றால், அதை மாநில அரசின் வாய்மொழியாக நடுவணரசின் செவியில் ஏற்ற வேண்டியது நம் மாநில அமைச்சர். அவ்வமைச்சரை எழுந்து நின்று விடை சொல்லச் செய்யும் உரிமை, தமிழ்நாட்டில் 234 பேர்க்கு மட்டுமே உண்டு. அவர்களுள் ஒருவர் நம் உறுப்பினர்.

2020ஆம் ஆண்டில் நடந்ததை நினைவூட்டுகிறேன். மதுரவாயலுக்கும் வாலாசாப்பேட்டைக்கும் இடைப்பட்ட இச்சாலை சீரழிந்து கிடப்பதைச் சென்னை உயர்முறைமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலையைச் செப்பனிடும்வரை, இப்பகுதியின் இரு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. நன்று, நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் எண்ணிப்பாருங்கள்: மேற்கு மாவட்டங்களின் உறுப்பினர்கள் பலர் தலைமைச் செயலகத்துக்கு வருவதும் போவதும் இவ்வழியேதான். அவர்களின் மகிழுந்தும் இக்குழிகளில் இறங்கி ஏறியதுதான். குழி பேரவையில் பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாமல், முறைமன்றத்துக்குப் போய் நின்றது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் பேசாத இடத்தில், தேர்ந்தெடுக்கப்படாத மன்றம் பேச வேண்டியதாயிற்று.

இப்போது உறுப்பினர் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இவரைச் 'சட்டசபை மெம்பர்' என்றோம். தேர்தலில் நின்றவனை 'அபேட்சகர்' என்றோம். கூட்டத் தலைவனை 'அக்கிராசனர்' என்றோம். பேரவைத் தலைவரைச் 'சபாநாயகர்' என்றோம். தமிழறிஞர்களின் உழைப்பால் அச்சொற்கள் வழக்கிறங்கின. 'சபாநாயகர்' மட்டும் சில செய்தித்தாள்களில் இன்னும் குடியிருக்கிறார். அவரையும் ஒருநாள் வழியனுப்பிவைப்போம். வேட்பாளர் என்றால் வேட்டு வருபவர், நம்மிடம் கேட்டு வருபவர். வென்ற பிறகு அவரே உறுப்பினர் ஆகிறார். உறுப்பு என்றால் கை, கால், கண், நாக்கு. மன்றம் என்னும் உடலில் நம் ஊருக்கு உரிய உறுப்பு அவர். எந்த உறுப்பு என்று கேட்டால், நாக்கு என்பேன். பேசுவதற்குத்தான் அனுப்பினோம். நாம் என்ன செய்தோம்? நாக்கைக் கொண்டுபோய்க் கையின் வேலையைச் செய்யச் சொன்னோம். விளக்குக் கம்பம் நடு, நிழற்குடை போடு, சுற்றுச்சுவர் கட்டு, திருமணத்துக்கு வா, காதணி விழாவுக்கு வா! அவரும் வந்தார், நட்டார், கட்டினார். பேச மட்டும் நேரமில்லை.

கட்டுவதற்கு அவரிடம் பணம் ஏது? சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று உண்டு. அதை ஓர் உறுப்பினர்க்கு ஆண்டுக்கு 3 கோடி உருபா என 2019ஆம் ஆண்டில் உயர்த்தினார்கள். அவர் பணியைக் குறித்துக் கொடுப்பார். மாவட்ட ஆட்சியரின் வழியே பணி நடக்கும். பணம் அவர் பையிலிருந்து வருவதன்று, நம் வரிப்பணம். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, ஒவ்வோர் உறுப்பினரின் தொகையிலிருந்தும் 1 கோடியை அரசு எடுத்துக்கொண்டதே, நினைவிருக்கிறதா? அவருடைய பணமாக இருந்தால் அப்படி எடுக்க முடியுமா? இருந்தும் நிழற்குடையின் நெற்றியில் அவர் பெயர் நிழற்குடையைவிடப் பெரிதாக நிற்கிறது. கீழே நிற்பவன் மழையில் நனைகிறான், பெயர் நனைவதில்லை.

அந்த 3 கோடியின் அளவையும் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். இங்கிருந்து திருவேற்காட்டுக்குச் செல்லும்போது கூவத்தைக் கடக்கிறோம். வேல மரக்காடு என்று தூய தமிழில் பெயர் பெற்று, திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற ஊர் அது. பாலத்தின்மேல் சென்றால், பாட்டு நினைவுக்கு வருவதற்கு முன் மூக்கைப் பொத்தக் கை எழுகிறது. இந்த ஆற்றைப் பருத்திப்பட்டிலிருந்து கழிமுகம்வரை, 32 கிலோமீட்டர், நம் பழைய கணக்கில் 20 கல் தொலைவு, சீர்செய்வதற்கு அரசு ஒரு திட்டம் வகுத்தது. அதன் மதிப்பீடு ஏறத்தாழ 604 கோடி உருபா. திருவேற்காட்டுப் பகுதியும் அதற்குள் அடங்கும். ஓர் உறுப்பினர் தம் தொகுதித் தொகை முழுவதையும் ஆற்றுக்கே கொடுத்தாலும், அந்தத் தொகை சேர 200 ஆண்டு ஆகும். நிழற்குடை ஒன்றும் கட்டாமல், விளக்கு ஒன்றும் நடாமல், 200 ஆண்டு! அப்படியானால் ஆற்றுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாதா? இங்குதான் நாக்கின் வேலை வருகிறது. 604 கோடியில் எவ்வளவு செலவாயிற்று? திருவேற்காட்டுப் பகுதியில் எத்தனை கழிவுநீர் வாயில்கள் அடைக்கப்பட்டன? மேலே பருத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் கழிவை யார் நிறுத்துவது? இவற்றைக் குறியிட்ட வினாவாக எழுதிக் கொடுத்தால், அமைச்சர் பேரவையில் வாய்மொழியாக விடை சொல்லியாக வேண்டும். விடையில் ஐயம் இருந்தால் அங்கேயே துணைவினா எழுப்பலாம். 'செய்து தருவோம்' என்று அமைச்சர் ஒரு சொல் சொல்லிவிட்டால், அது காற்றோடு போகாது. அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையில் ஒரு குழு உண்டு. அவையில் தந்த உறுதிமொழி நிறைவேறிற்றா இல்லையா என்று துருவுவதே அதன் வேலை. காசு செலவில்லாத இக்கருவியின் ஆற்றல் 3 கோடிக்கு இல்லை. இருந்தும் 3 கோடியைக் கேட்டு வாயிலில் நிற்கும் நாம், ஒரு வினாவைக் கேட்டு நின்றதுண்டா?

பணமே இல்லாமல் ஓர் உறுப்பினர் தெருவுக்கு என்ன செய்ய முடியும் என்று ஐயுறுவோர்க்கு, நூறாண்டுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்வேன். அப்போது சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் உறுப்பினராக இருந்தார். தேர்தலில் வென்று வந்தவரல்லர், பணியமர்த்தப்பெற்ற உறுப்பினர். தொகுதிப் பணம் என்ற பேச்சே அன்றில்லை. 1924ஆம் ஆண்டில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் நடைவழியிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் எவரும் புகலாம், அதற்குத் தடையில்லை. இவ்வளவே தீர்மானம். அவை அதை ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களிலேயே அரசாணையும் வெளிவந்தது.

எண்ணிப்பாருங்கள். மக்கள் கூடும் பொது இடம் என்றால் சாவடியும் அதனுள் அடங்கும். வழிப்போக்கர்க்கெல்லாம் நிழல் தந்தது என்று சாவடியைப் புகழ்ந்தேனே, எல்லார்க்குமா தந்தது? தமிழகத்துச் சாவடிகள் பலவற்றின் திண்ணையில் கால் வைக்க, தமிழர்களுள் ஒரு பெரும்பகுதியினர்க்கு உரிமை இல்லாமல் இருந்தது. தமிழன் பெருமையைப் பேசுகின்ற மேடையில் இதையும் பேசியாக வேண்டும். மறைத்துப் பேசினால் அது வெறும் ஆரவாரம். அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். ஒருவர் தெருவில் நின்று போராடினார். மற்றொருவர் மன்றத்தில் நின்று தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறிய மறுநாளே எல்லாத் தெருக்களும் திறந்துவிடவில்லை; அதன்பின்னும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஆயினும் தடுத்தவன் கையில் இருந்த 'வழக்கம்' என்னும் கோலை அவ்வாணை பறித்துக்கொண்டது. தடுக்கப்பட்டவன் கையில் ஓர் அரசாணையின் எண் இருந்தது. ஊர்ச்சிக்கலை மன்றத்தில் பேசுவது என்றால் இதுதான். ஒரு தெருவுக்கு விளக்கு நடுவதற்கு உறுப்பினர் தேவையில்லை. எல்லாத் தெருவையும் எல்லார்க்கும் திறந்துவிடுவதற்கு உறுப்பினர் தேவை.

'விளக்கு நட வேறு யார் இருக்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்பீர்கள். முறையான கேள்வி. விளக்கும் குப்பையும் குடிநீரும் வடிகாலும் நகராட்சி மன்றத்தின் வேலை. ஆனால் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு நகர உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல், ஒரு முழுப் பதவிக்காலம், தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலின் 5ஆம் இனம்; தில்லியைக் குறைசொல்லவும் வழியில்லை. நடுவணரசு நம் உரிமையைப் பறிக்கிறது என்று நாம் முழங்குகிறோம், முழங்கவும் வேண்டும். நம் மாநிலம் நம் ஊரின் உரிமையை ஐந்தாண்டு பூட்டி வைத்திருந்தபோது நாம் முழங்கினோமா? அந்த ஐந்தாண்டில் தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குழாயில் நீர் வரவில்லை என்றாலும் மக்கள் போய் நிற்பதற்கு இருந்த ஒரே வாயில் சட்டமன்ற உறுப்பினரின் வாயில். அப்படியே அது வழக்கமாயிற்று. நகர்மன்றம் திரும்பி வந்த பிறகும் அவ்வழக்கம் போகவில்லை. உறுப்பினர்க்கும் அது பிடித்துப்போயிற்று. வினா எழுப்பினால் அமைச்சரின் முகம் சுளிக்கும். விளக்கு நட்டால் ஊரே கை தட்டும். எது எளிது?

ஏரிச் செய்தி ஒன்று. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. கேட்பவர்களுள் சிலர்க்கு மனம் நோகலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நம்மைச் சுற்றி அயனம்பாக்கம் ஏரி, கோலடி ஏரி என்று ஏரிகள் இருக்கின்றன. ஏரிகளைக் காக்கவும், ஏரிப் பரப்பில் புகுந்தவர்களை அகற்றவும் 2007ஆம் ஆண்டில் நம் சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்றியது. நல்ல சட்டம். அதன்பின் தமிழ்நாடெங்கும் நடந்தது என்ன? ஏரிப் பரப்பை மனையாக்கி விற்றவன் விற்றான். ஏழையும் நடுத்தரத்தானும் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கினார்கள். அங்கே வீட்டுவரி வாங்கினார்கள், மின்னிணைப்புத் தந்தார்கள், சாலை போட்டார்கள். பல இடங்களில் அச்சாலைகட்கு மக்கள்பேராளர்கள் வந்து நாடா வெட்டினார்கள். பிறகு ஒருநாள் ஏரியின் எல்லையை அளந்து, 'நீ வெளியேறு' என்றார்கள். கோலடியில் 2024இல் எழுந்த கொந்தளிப்பை உங்களுள் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். ஏரியும் வேண்டும், ஏமாற்றப்பட்டவனுக்கு வழியும் வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்வதற்குச் சட்டத்தில் திருத்தம் தேவை. விற்றவனையும், வரி வாங்கி ஏய்த்த அலுவலனையும் முதலில் நிறுத்திக் கேட்கும் திருத்தம் தேவை. வீடு வாங்க வருபவன், அந்த நிலம் ஏரிக்குள் இருக்கிறதா என்று தமிழில் எழுதிய ஒரு பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி தேவை. இத்திருத்தத்தை நாம் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம். மண்வாரிப் பொறி வந்து நின்ற பிறகு அதன் முன்னே வந்து உட்காரும் உறுப்பினரை நாம் வீரர் என்கிறோம். பொறி வருவதற்கு முன்னரே மன்றத்தில் எழுந்து நிற்பவரே நமக்குத் தேவை.

மொழிபற்றிச் சொல்லாமல் இம்மேடையிலிருந்து இறங்கினால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். 1952ஆம் ஆண்டு வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து ப. சீவானந்தம் சட்டமன்றத்துக்குப் போனார். மறைமலையடிகளின் தனித்தமிழ்ப் பற்றால் ஒரு காலத்தில் 'உயிரின்பன்' என்று தம் பெயரை மாற்றிக்கொண்டவர் அவர். தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் கலந்திருந்த அன்றைய சென்னை மன்றத்தில், ஆங்கிலம் அறிந்தவர் ஆங்கிலத்தில் பேசுவதே மதிப்பு என்று எண்ணிய காலத்தில், அவர் தமிழில் பேசினார். நெசவாளியின் பசியையும் குடிசைவாழ் மக்களின் துன்பத்தையும் ஆங்கிலத்தில் சொன்னால், அந்த நெசவாளிக்கே அது விளங்காது அன்றோ? 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. நெடுஞ்சாலை தில்லியின் உடைமையானதும் அதே 1956தான். ஒரே ஆண்டில் மொழி வந்தது, சாலை போயிற்று! இன்று மன்றத்தில் தமிழ்தான் ஒலிக்கிறது. 2022 முதல் வினா நேரத்தை நேரடியாகவே ஒளிபரப்பத் தொடங்கினார்கள். ஆனால் மன்றத்தில் தமிழில் பேசிய செய்தி, திட்ட அறிக்கையாகும்போதும், ஒப்பந்தப் புள்ளியாகும்போதும், மதிப்பீடாகும்போதும் ஆங்கிலம் ஆகிவிடுகிறது. நம் தெருவில் வடிகால் எத்தனை அடி ஆழம் தோண்ட வேண்டும் என்று எழுதியுள்ள தாள் நமக்குப் புரியாத மொழியில் இருக்கும் வரையில், மூன்றடி தோண்ட வேண்டிய இடத்தில் ஓரடி தோண்டுபவனை நாம் பிடிக்க முடியாது. தமிழ் என்பது மேடைக்கு மட்டும் உரியது என்று எண்ணுபவர்கள் இதைக் கருத வேண்டும். வடிகாலின் ஆழத்தை அளக்கும் கோலும் தமிழாக இருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டில் அன்றைய முதலமைச்சர், 234 உறுப்பினர்களுக்கும் மடல் எழுதி, அவரவர் தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத தலையாய பத்துத் தேவைகளை எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். கட்சி வேறுபாடு இன்றி எல்லார்க்கும் எழுதினார். அதை நான் பாராட்டுவேன். அந்தப் பத்தில் நம் தொகுதியின் பத்து எவை? இங்கே இருப்பவர்களுள் எத்தனை பேர்க்குத் தெரியும்? கை தூக்குங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன். நம் தேவைகளை நமக்காக ஒருவர் எழுதினார், எழுதியதை நாம் படித்துப் பார்க்கவில்லை, படிக்கக் கேட்கவுமில்லை. அந்தப் பட்டியலை ஊர்மன்றில் படித்துக்காட்டியபின் அனுப்பியிருந்தால், பத்தும் வேறு பத்தாக இருந்திருக்குமோ என்னவோ.

அதனால் நம் அமைப்பாளர்கள் ஒரு விண்ணப்பம் எழுதியுள்ளார்கள். 'மனு' என்று எழுதவில்லை. 'சமூகம் வரப் பணிந்து' என்றும் எழுதவில்லை. நேராகவே எழுதியுள்ளார்கள். பெருவழியின் மழைநீர் எந்தக் கால்வாயில் விழுகிறது, அக்கால்வாய்க்கு யார் பொறுப்பு என்று பேரவையில் வினா எழுப்ப வேண்டும் என்பது ஒன்று. கூவம் திட்டத்தில் திருவேற்காட்டுப் பகுதிக்கு ஆன செலவையும் எஞ்சிய வேலையையும் அமைச்சரிடமிருந்து அவைக்குறிப்பில் ஏறும்படி விடையாகப் பெற வேண்டும் என்பது ஒன்று. தொகுதித் தொகையில் செய்யும் ஒவ்வொரு பணிக்கும், பணி நடக்கும் இடத்திலேயே, அளவும் மதிப்பும் ஒப்பந்தக்காரர் பெயரும் முடியும் நாளும் தமிழில் எழுதிய பலகை வைக்க வேண்டும், அதில் உறுப்பினரின் படம் வேண்டா என்பது ஒன்று. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவன் நான். பழியை என்மேல் போடுங்கள். உறுப்பினர் எந்தக் கட்சியினராக இருந்தாலும் இதே தாள்தான் போகும். எழுத்து வடிவில் விடை வரவில்லை என்றால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 உருபாக் கட்டணத்தோடு ஆட்சியர் அலுவலகத்தில் கேட்போம். தமிழில் கேட்கலாம், தமிழிலேயே விடை தரச் சொல்லலாம்.

தாள் அவைத்தலைவர்க்கு அருகில் மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வரிசையாக வந்து, தெருப்பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பெண்கள் முதலில் வரட்டும்; நீர் தேங்கினால் முதலில் அல்லற்படுபவர்கள் அவர்கள்தாம். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: பெயரைத் தமிழில் எழுதிவிட்டுத் தலைப்பெழுத்தை ஆங்கிலத்தில் போடாதீர்கள். தலைப்பெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021இல் அரசே ஆணையிட்டிருக்கிறது. மேசையில் தூவல் நான்கு வைத்திருக்கிறோம்.